என் கையெழுத்தில் ஒரு கிணறு

அறுபத்து நான்கோ ஐந்தோ, வருடம் சரியாக நினைவில்லை. மழை ஓய்ந்து தசராவுக்கு முந்தைய வாரம் என்பது மட்டும் நிச்சயம். அப்போது நான் பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்தேன். கோட்டைப் பகுதியில், கப்பல் சரக்குகளுக்கு இன்ஷூரன்ஸ் பார்க்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. காலையில் டிபன் டப்பாவுடன் ரயிலேறிப் போய், மாலையில் கசங்கித் திரும்புகிற ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருவன். இந்த ஒழுங்கான வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு கிறுக்கு இருந்தது. பழைய கடற்கரை வரைபடங்களைச் சேர்ப்பேன்.

வரைபடம் என்றால் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குவது இல்லை. நூற்றைம்பது, இருநூறு வருடங்களுக்கு முன்னால் செப்புத் தகட்டில் கூர்முனையால் கீறி, மை தடவி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தவை. காகிதத்தின் நான்கு ஓரத்திலும் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கப்பலோட்டிகளுக்காகப் போட்டவை என்பதால் கரையும் கடலும்தான் அவற்றில் முக்கியம். எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். உள்நாட்டைப் பற்றி அவர்களுக்குக் கவலை கிடையாது. அங்கே இரண்டு பனைமரத்தை வரைந்து முடித்துவிடுவார்கள். சோர் பஜாரிலும் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலும் இவை எப்போதாவது கண்ணில் படும். என் மனைவி இவற்றுக்கு வைத்திருந்த பெயர் ‘கிழிசல்’.

எல்லாம் கறுப்பு மையில் மட்டும் அச்சானவை. வர்ணம் இருந்தால் வாங்குகிறவர் கண்ணை இழுக்கும் என்று வியாபாரிகள் பிற்பாடு சாயம் பூசி விற்பது உண்டு. நான் அதை என் கையாலேயே செய்யப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். கரையோரத்துக்கு இளம்பச்சை, கடலுக்கு வெளிறிய நீலம், கோட்டைகளுக்குச் சிவப்பு. மடிப்பில் தேய்ந்துபோன கோடுகளையும் எழுத்துகளையும் மெல்லிய நிப்பால் இந்தியன் மை தொட்டு மேலேயே எழுதுவேன். எது அச்சு, எது என் கை என்று யாராலும் சொல்லமுடியாது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

தாதரில் பார்சி காலனியில் இருந்த ஒரு அம்மாளுக்கும் இதே கிறுக்கு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தனியாக வாழ்ந்தார், ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தார். நடைபாதைக் கடையொன்றில் பழக்கமாகி, ஒருநாள் நானே வீட்டுக்கு அழைத்து என் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். “நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சேர்ப்பது வரைபடம் இல்லை, காலண்டர்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ரயில்வே பாலத்தில் அவர் எதிரே வந்தால் நான் ஏதாவது கடைப் பலகையை ஊன்றிப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் பேசவில்லை.

என்னிடம் இருந்ததிலேயே எனக்கு உயிரான படம் பம்பாய்த் தீவினுடையது. அதன் ஒரு மூலையில் தனிக் கட்டம் போட்டு மாஹிம் கழிமுகத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். தாராவியில் இன்று காளா கில்லா என்கிறார்களே, அந்தச் சின்னக் கோட்டை அதில் இருந்தது. அதற்குச் சற்றுத் தெற்கே ஒரு குட்டி வட்டம், பக்கத்தில் கிணறு என்று இங்கிலீஷில் ஒரு சொல். படத்தின் மடிப்பு சரியாக அந்த இடத்தில்தான் ஓடியது. வட்டம் பாதி தேய்ந்திருந்தது, எழுத்து பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிந்தது. வழக்கம்போல இரண்டின் மேலும் மை தொட்டு எடுப்பாக்கினேன். கழிமுகத்துக்கு நீலம் பூசி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

தாராவியிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைதோறும் தகர டின்னில் முறுக்கு கொண்டுவருவார். சொந்த ஊர் திருநெல்வேலியின் தெற்குக் கோடியில் ஏதோ ஒரு கிராமம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. இவரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேருமாகச் சேர்ந்து முறுக்கு பிழிந்து மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று வீடு வீடாக விற்றார்கள். ஒரு சனிக்கிழமை அவர் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்க ஆள் கிடைத்த குஷியில் நான் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துச் செப்புத் தகட்டிலிருந்து ஆரம்பித்து விளக்கோ விளக்கென்று விளக்கினேன். கடைசியில் அந்த வட்டத்தைக் காட்டி, கப்பல்காரர்கள் இங்கே வந்துதான் குடிதண்ணீர் பிடித்திருக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, இப்போது வாங்கிய முறுக்குக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் மாவு பிசைந்தோம் என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டிலிருந்து நடந்தால் அரைமணி நேரத் தூரம். போய்ப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

தசராவுக்கு முந்தைய வாரம் அவர் டின் இல்லாமல் வந்தார். சனிக்கிழமைகூட இல்லை. அவர் சொன்ன விஷயம் இது. கிணற்றை ஒட்டிய நிலத்தைச் சில வருடங்களுக்கு முன் எடுத்திருந்த ஒரு சேட், கிணறும் தன்னுடையது, தான் வெட்டியது என்கிறார். அதை மூடி மேலே தோல் குடோன் கட்டப்போகிறார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் பயந்து ஊரில் இருக்கிற கிணறுகளை எல்லாம் முனிசிபாலிட்டி மூடச்சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மூடுகிறேன் என்று ஒருவர் தானாக வந்தால் தடுப்பவர் யார்? சுற்றியிருந்த அறுபது வீட்டுக்கும் நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். அது போனால் சயான் பக்கத்துக் குழாயடிக்கு விடியுமுன்னே போய் வரிசையில் நிற்கவேண்டும். அங்கே உள்ளவர்கள் வெளியாள் குடத்தை எட்டி உதைப்பதும் உண்டாம். தண்ணீருக்கே பாதி நாள் போனால் முறுக்கு எங்கே பிழிவது, வீட்டில் சோறு எங்கே பொங்குவது?

பெண்கள் கூட்டமாக வார்டு ஆபீசுக்குப் போய் முறையிட்டிருக்கிறார்கள். அங்கிருந்த அதிகாரி நியாயமான மனிதர்தான். அவர் வைத்திருந்த சர்வே காகிதத்தில் அந்த மூலை வெறும் சதுப்பு என்று இருந்தது. சேட் வருவதற்கு முன்பே கிணறு இருந்ததாக எழுத்தில் ஏதாவது காட்டுங்கள், பொதுக்கிணறு என்று எழுதித் தருகிறேன், வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யமுடியாது என்றாராம்.

“நம்ம கெணறு அந்தப் படத்துல இருக்குன்னு சொன்னியள்லா சார்” என்றார் முறுக்குக்கார அம்மா. “அத ஒருநா இரவல் தாங்க. பத்திரமாக் கொண்டாந்துருதேன்.”

படத்தை எதற்குத் தனியாகக் கொடுக்கவேண்டும், நானே வந்து எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அறுபது வீட்டுக்காரர்களுக்கு முன்னால் என் படம் சாட்சி சொல்லப்போகிறது என்ற நினைப்பே தித்தித்தது. மை தொட்டது அப்போது நினைவுக்கு வரவில்லை என்று இன்று சொன்னால் பொய். வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அரை நாள் லீவு போட்டு, படத்தைச் சட்டத்தோடு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். சேட்டும் வந்திருந்தார், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு. நான் எங்கள் ஆபீஸ் மானேஜர் பாணியில் பத்து நிமிஷம் பேசினேன். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தை மட்டும் எடுக்கச் சொன்னார்.

அந்த அதிகாரி இளவயதில் வரைபடங்களை நகல் வரைபவராக வேலை பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பிறகு கண் மட்டத்தில் படுக்கையாக வைத்துச் சாய்த்துப் பார்த்தார். விரல் நுனியால் அந்தச் சொல்லின் மேல் மெதுவாகத் தடவினார்.

“இந்த வர்ணம் யார் பூசியது?”

நான்தான் என்றேன்.

“இந்த எழுத்து?”

 அச்சில் இருந்ததுதான் என்று சொல்லிவிட முடியும். அது முழுப் பொய்கூட இல்லை. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. நான் உண்மையைச் சொன்னது யோக்கியதையால் இல்லை, வேறு வழி இல்லாததால். அடியில் இருந்த எழுத்தின் மேல் நான் மை தொட்டேன், புதிதாக எதுவும் எழுதவில்லை என்றேன். அடியில் இருந்ததை எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்டார்.  பார்க்கமுடியாதபடி நான்தான் மூடிவிட்டேனே.

சேட் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இந்தியில் சொன்னார்: “இன்றைக்குக் கிணறு எழுதியிருக்கிறார். நாளைக்கு என் குடோன் வரப்போகிற இடத்தில் கடல் என்று எழுதுவார்.”

பியூன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பெண்களுக்கு மட்டும் இந்தி பிடிபட ஒரு விநாடி ஆனது. பிறகு அவர்கள் என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதிகாரி மரியாதையாகவே படத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் தருகிறேன், வேறு ஏதாவது கிடைத்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மூடுவதற்கு அனுமதி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

வெளியே வந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். முறுக்குக்கார அம்மா பின்னாலேயே வந்தார். இல்லாததை எழுதவில்லை என்று நானாகவே ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

“செப்புத் தகட்டுல மை தடவி எடுத்ததுன்னு அன்னைக்குச் சொன்னிய. தகடு ஒண்ணு செஞ்சு வச்சிக்கிட்டு ஒரு காயிதத்தோடவா நிறுத்தியிருப்பாவ? முறுக்கு உரல வாங்கி ஒத்த முறுக்கா சார் புழியுதோம்?”

இருபது வருடமாகச் சேர்க்கிற எனக்கு இது தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் சரியில்லை. ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுத்திருப்பார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என்னுடையது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம், அவ்வளவுதான். இன்னொரு பிரதி பம்பாயில் இருந்தால் அது யாரிடம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பஸ் வருவதற்குள் தெரிந்துவிட்டது. போவதற்குத்தான் இரண்டு நாள் ஆனது.

பார்சி அம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டியபோது என் கையில் அந்தப் படம் இருந்தது. சட்டம் இல்லாமல் வெறும் காகிதம். அவர் உள்ளே வரச் சொன்னார். முந்தைய வருடத்துப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வர்ணம் பூசியதை, எழுத்தின் மேல் மை தொட்டதை, சேட் சொன்னதை, பியூன் சிரித்ததை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவர் படத்தை வாங்கி மேஜைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். காலண்டர் என்று மறுபடி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எழுந்து போய், சுவர் ஓரமாக இருந்த அகலமான இழுப்பறை ஒன்றைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே படம். பழுப்புப் புள்ளிகள் நிறைய, கீழ் மூலையில் பூச்சி அரித்த ஓட்டை, வர்ணம் என்ற பேச்சே இல்லை. என்னுடையதோடு வைத்துப் பார்த்தால் அழகே கிடையாது. ஆனால் மடிப்பு வேறிடத்தில் இருந்ததால் வட்டம் முழுசாக இருந்தது, எழுத்தும் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் வெட்கமும் வந்தன. வெட்கம்தான் கூடுதல்.

தன் படங்கள் எதுவும் இந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை என்றார். எனக்குத் தெரியும் என்றேன். எத்தனை வீடு என்று கேட்டார், அறுபது என்றேன். குழாய் எவ்வளவு தூரம் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நான் வருகிறேன். படம் என் கையில்தான் இருக்கும். பதிலுக்கு நீங்கள் ஒன்று செய்யவேண்டும். உங்கள் படங்கள் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், அதில் எது உங்கள் கை என்று எழுதிவையுங்கள்.”

சம்மதித்தேன். சம்மதிக்காமல் என்ன செய்வது?

கொடுத்த கெடுவுக்கு ஒருநாள் முன்னால், முறுக்குக்கார அம்மாவையும் அழைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வார்டு ஆபீசுக்குப் போனோம். பார்சி அம்மாள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே படத்தை வைத்து மல்துணியால் கட்டி டாக்சியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அதிகாரி கை நீட்டியபோதும் கொடுக்கவில்லை. தானே மேஜையில் வைத்து இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார். அதிகாரி மறுபடி சாய்த்துப் பார்க்க ஆசைப்பட்டார். அதற்காக அந்த அம்மாள் மேஜையின் அந்தப் பக்கம் போய்த் தானே சாய்த்துக் காட்டினார். பிறகு அதிகாரி என் படத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலால் கோட்டையிலிருந்து வட்டம் வரை இரண்டிலும் அளந்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. என் பக்கம் திரும்பி, நீங்கள் பொய் எழுதவில்லை என்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் அந்த வார்த்தைக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அன்று அதைக் கேட்டு நிமிரத் தோன்றவில்லை.

கிணறு பொதுக்கிணறு, மூடக்கூடாது என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றும் வந்திருந்த சேட் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முறுக்குக்கார அம்மா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அழவும் இல்லை, எங்கள் காலில் விழவும் இல்லை. “வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

டாக்சி உள்ளே போகாத சந்துகள். தோல் ஷெட்டுகளின் நாற்றத்துக்குப் பார்சி அம்மாள் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தியிருந்தால் எனக்கும் பொத்தச் சௌகரியமாக இருந்திருக்கும். கிணறு ஒன்றும் பெரிதில்லை. கருங்கல் சுற்றுச்சுவர், கொசுவுக்காகப் போட்ட கம்பி வலை, அதில் வாளி இறங்க ஒரு சின்ன மூடி. ஒரு பெண் இறைத்துக்கொண்டிருந்தாள், பின்னால் ஏழெட்டுக் குடங்கள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். லேசாகக் கரித்தது, குடிக்கலாம். பார்சி அம்மாள் குடித்துவிட்டு, முப்பது வருடமாகச் சேர்க்கிறேன், படத்தில் போட்டிருக்கிற ஓர் இடத்தில் நான் வந்து நிற்பது இதுதான் முதல்தடவை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் என்றேன். 

கொடுத்த வாக்குப்படி என் படங்களின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் படங்கள், அதே ஜன்னல், அதே நிப். இந்தத் தீவின் பெயர் நான் எழுதியது, இந்தப் பாறை நான் வரைந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். சிலவற்றில் எது அச்சு, எது என் கை என்று எனக்கே பிடிபடவில்லை. அவற்றில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதக் கை கூசியது. அதன்பிறகு வாங்கிய எந்தப் படத்தையும் தூசி தட்டியதோடு சரி. பார்சி அம்மாளும் நானும் பிறகு பாலத்தில் எதிர்ப்பட்டால் நின்று பேசுவோம்.

இத்தனை வருடம் கழித்தும், அன்றைக்கு நாலு பேர் சிரித்தது என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. நல்லதைத்தான் செய்கிறேன் என்று உள்ளதன் மேல் நான் பூசிய பூச்சுக்குத் தண்டனை கிடைத்திருந்தால், குடத்தோடு குழாயடியில் நின்றிருப்பது நான் இல்லை, அந்தப் பெண்கள் என்பதுதான் உறுத்துகிறது.